கறுப்புக் கரை போட்ட பிறந்தநாள் அட்டை

2023ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாரிசுக்கு வெளியே ஒரு சின்னக் கோவிலில், பகல் பதினொரு மணிப் பூசையில், நாரந்தனை நிமலினி வின்சன்ற்றின் ஆத்தும இளைப்பாற்றிக்காகச் செபிக்கும்படி பாதிரியார் கேட்டுக்கொண்டார். முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு வயதான தாய் விம்மினாள். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி எழுந்து வெளியே போய், மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் தீவில், நாரந்தனையில் அப்போது பின்னேரம் மூன்றரை. நிமலினி குசினி வாசலில் குந்தியிருந்து, கடற்கரையில் பொறுக்கிய ஒற்றைச் செருப்பொன்றைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்திரண்டு. தடிமன் காய்ச்சல்கூட இல்லை.

செருப்பு எதற்கு என்று ஊரில் இப்போது யாரும் கேட்பதில்லை. முதல் இரண்டு வருசம் கேட்டார்கள். புருசன் டிலோன் கடலிலிருந்து நண்டு கொண்டுவருகிறான், பெண்சாதி கரையிலிருந்து செருப்புக் கொண்டுவருகிறாள் என்று சிரித்தார்கள். சோழகக் காற்று எழும்புகிற மாதங்களில் செருப்புகள் நிறைய ஒதுங்கும். கடல் ஒருநாளும் சோடியாகத் தந்ததில்லை. நிமலினிக்கு ஒற்றையே போதும். குதிப்பக்கம் மிதிபட்டு இறுகிப்போன றப்பர்தான் அவளுக்கு வேண்டியது. அதில்தான் அச்சு வெட்டலாம்.

எண்ணெய்த்தாளில் பென்சிலால் படத்தைக் கீறுவாள். தாளைக் குப்புறப் போட்டு நகத்தால் தேய்த்தால், படம் இடம் வலம் மாறி றப்பரில் இறங்கும். பிறகு ஒரு சவரப் பிளேட்டை இரண்டாக முறித்து, அதன் மூலையால் வேண்டாத றப்பரை எல்லாம் கிள்ளிக் கிள்ளி எடுப்பாள். மிஞ்சுவதுதான் படம். அதை ஒட்டுவதற்கு மரப்பிடி வேண்டும். பிடிகள் அவளுக்குக் கந்தோரில் கிடைத்தன. ஊர்காவற்றுறையில் ஒரு மீனவர் சங்கத்தில் அவள் கடிதமும் கணக்கும் எழுதும் லிகிதர். சங்கத்தில் நிருவாகம் மாறும்போதெல்லாம் புதுப் பெயர்களோடு புது றப்பர் சீல் செய்வார்கள். பழையதை எறிவார்கள். எறிந்ததை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், பெயரை உரித்துவிட்டுத் தன் படத்தை ஒட்டிவிடுவாள். முன்னாள் தலைவர்கள் ஐந்து பேர், செயலாளர்கள் நான்கு பேர், ஒரு பொருளாளர் எல்லோருடைய பிடிகளிலும் இப்போது ஒரே பெட்டைதான் இருக்கிறாள்.

இரட்டைப் பின்னல், முழங்கால் வரை கவுண், கையில் ரோச் லைற். பனையோலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள். கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் வெளிச்சம் அடிக்கிறாள். மணலில் காலடி அளக்கிறாள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு கதைத் தலைப்பு உண்டு: ‘பூட்டிய கிணற்றின் மர்மம்’, ‘மூன்றாவது வள்ளத்தில் வந்தது யார்?’, ‘ஆசுப்பத்திரிப் பின்கதவு’. பிறந்தநாளுக்கு, முதல் நற்கருணைக்கு, நத்தாருக்கு எல்லாவற்றுக்கும் இந்தத் துப்பறியும் பெட்டைதான். யாழ்ப்பாணத்தில் புத்தகக்கடை வைத்திருக்கும் கீர்த்திகன் மாதம் ஒரு கட்டு எடுப்பான்.

“அக்கா, இவ ஆரைத் தேடுறா?” என்று ஒருமுறை கேட்டான்.

“அது இன்னும் பிடிபடேல்லை” என்றாள் நிமலினி.

பிடிபட்ட விசயம்தான். அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

*

தேடப்படுகிறவள் பெயர் யூலியட். நாரந்தனையில் அடுத்த வளவு. இருவரும் ஒரே வருசம் பிறந்தவர்கள், ஒரே வகுப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டைக்குப் பயந்து தீவுச் சனம் எல்லாம் எழும்பி யாழ்ப்பாணம் போனபோது, இரண்டு குடும்பமும் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பறையின் இரண்டு மூலைகளில் குடியிருந்தன. நடுவில் ஒரு சேலை கட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சேலை கணக்கில் இல்லை.

மடத்து விறாந்தையில் ஒரு பூட்டிய அலுமாரி இருந்தது. அதற்குள் எப்போதோ ஒரு வெள்ளைக்காரச் சிஸ்ரர் விட்டுப்போன ஒன்பது ஆங்கிலக் கதைப்புத்தகங்கள். ஒன்பதும் ஒரே கதாநாயகியின் கதைகள். பதினாறு வயது. தகப்பனுடைய காரை ஓட்டுகிறாள். பழைய மாளிகைகளுக்குள் தனியப் போய்க் களவைக் கண்டுபிடிக்கிறாள். பெடியன்கள் பின்னால் வந்து, “நீ கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யூலியட் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லச் சொல்ல, நிமலினி கொப்பி மட்டையில் படம் கீறுவாள். கதாநாயகியின் கையில் எப்போதும் ரோச் லைற் இருந்தது. அந்த நாளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை. ரோச் லைற் அடித்துக்கொண்டு இருட்டான படியில் ஏறுவது என்பது, கார் ஓட்டுவதைவிடப் பெரிய விசயமாக இருவருக்கும் தெரிந்தது.

அவர்களும் துப்பறிந்தார்கள். சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடான காலம் அது. கிணற்றடியில் சவர்க்காரம் காணாமற்போன வழக்கில் மூன்று நாள் பின்தொடர்ந்து கள்ளனைப் பிடித்தார்கள். கள்ளன் யூலியட்டின் தமையன் சில்வெஸ்ரர். மீசை முளைக்க முன்னமே சவரம் செய்யப் பழகிக்கொண்டிருந்தான்.

“எங்கட ஆள்தான். வழக்கை மூடு” என்றாள் யூலியட்.

“அப்ப நியாயம்?”

“நியாயம் வேற குடும்பத்தில இருந்து தொடங்கட்டும்.”

1995இன் தொடக்கத்தில் யூலியட் குடும்பம் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பிரான்சுக்குப் போனது. நிமலினியின் குடும்பம் அடுத்த வருசம் நாரந்தனைக்குத் திரும்பியது. கடிதங்கள் வந்தன. 2001 மார்கழியில் வந்த கடிதத்தில், “வீடு மாறப்போறன், புது விலாசம் அனுப்புறன்” என்று இருந்தது. புது விலாசம் வரவில்லை.

பத்து வருசம் நிமலினி காத்திருந்தாள். கலியாணம் முடித்தாள். பிள்ளை இல்லை என்று டொக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். முகநூல் வந்ததும் தேடினாள். உலகத்தில் யூலியட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், கலியாணப் பெயர் தெரியாமல் ஒருத்தியையும் பிடிக்க முடியவில்லை. 2011இல் முதல் அச்சு வெட்டினாள். கடைசிக் கடித உறையில் இருந்த பழைய விலாசத்துக்கே, நவம்பர் 21இல் வருகிற யூலியட்டின் பிறந்தநாளுக்கு, முதல் அட்டையை அனுப்பினாள். பதில் இல்லை. அட்டை திரும்பியும் வரவில்லை. அங்கே யாரோ வாங்கி வைக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். இந்த ஒரு துப்பை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருசம் பன்னிரண்டு அட்டை போட்டாள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் எழுதினாள். ஒவ்வொன்றின் கடைசியிலும், “நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டாள்.

“அவவுக்கு விருப்பமெண்டால் எழுதியிருப்பாதானே” என்றான் டிலோன் ஒருநாள், வலை பொத்திக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை.

“ஓம்” என்றாள் நிமலினி. “அதுக்குத்தான் கேக்கிறன்.”

*

பதின்மூன்றாவது அட்டைக்கு எழுத அவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. பன்னிரண்டு வருசச் செய்தியும் போய்விட்டது. நல்ல படமாக ஒன்று செய்து அனுப்புவோம் என்று நினைத்தாள். அந்த ஒன்பது புத்தகங்களில் ஒன்றின் மட்டை அவளுக்கு அப்படியே மனதில் இருந்தது: சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை, நடுவில் முட்டை வடிவக் கட்டம், அதற்குள் பக்கவாட்டில் திரும்பிய பெட்டையின் முகம், முகத்துக்கு முன்னால் பிடித்த ரோச் லைற். கரைக்கென்று ஒரு முழுச் செருப்பை நீளவாக்கில் வெட்டினாள். அந்தக் கிழமை கடையில் நீல மை இல்லை, கறுப்புத்தான் இருந்தது. அதுவும் நல்லது என்று நினைத்தாள். முகத்தைக் கண்ணாடி பார்த்துத் தன் முகமாகவே கீறினாள். நாற்பத்திரண்டு வயது முகம், இரட்டைப் பின்னல் இல்லாமல். பிறகு கீழே, “நிமலினி வின்சன்ற், நாரந்தனை.” அதற்குக் கீழே திகதி: 04.11.2023. வேறு ஒரு வரியும் இல்லை.

தீவில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த அட்டை என்னவென்று தெரியும். செத்தவீடு முடிந்து ஊரெல்லாம் கொடுக்கிற நினைவு அட்டை: கறுப்புக் கரை, முட்டைக் கட்டத்துக்குள் படம், பக்கத்தில் மெழுகுதிரி, கீழே பெயர், ஊர், திகதி. நிமலினியின் செபப்புத்தகத்துக்குள்ளேயே அப்படி முப்பது அட்டை இருக்கும். ஆனால் அவள் அந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தது விறாந்தை அலுமாரியை. அட்டையை உறையில் போட்டு, ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் பாரம் நிறுத்து, முத்திரை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நவம்பர் மாதம் மரித்த ஆத்துமாக்களின் மாதம் வேறு.

*

20ஆம் திகதி, திங்கட்கிழமை, பின்னேரம் இரண்டரைக்குச் சங்கத்தின் தொலைபேசி அடித்தது. எடுத்தது நிமலினியோடு வேலை செய்கிற ஜொய்சி.

“ஓம், சங்கம்தான்… ஓம்… ஆர்? நிமலினியக்காவோ?” ஜொய்சி கதிரையில் நிமிர்ந்தாள். “எப்ப செத்தவ எண்டோ? அண்ணை, நீங்கள் எங்கயிருந்து கதைக்கிறியள்? அவ என்ரை முன்னால இருந்து வடை தின்னுறா.”

நிமலினி வடையை வைத்துவிட்டு றிசீவரை வாங்கினாள்.

“ஹலோ?”

“ஆர் கதைக்கிறது?”

“நிமலினி.”

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபடும் சத்தம். “எந்த நிமலினி? வின்சன்ற் அண்ணையின்ர மகளோ? நீர் செத்திட்டீர் எண்டு நேற்றுப் பூசை வைச்சிட்டமே!”

குரல் தடித்திருந்தாலும் ஆள் பிடிபட்டது. “சில்வெஸ்ரர் அண்ணையோ?”

“ஓம், ஓம். எடி பிள்ளை, கறுப்புக் கரையோட அட்டை வந்தது. படம், மெழுகுதிரி, பெயர், திகதி. அம்மா பாத்த உடன விழுந்திட்டா. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு ஊரில என்ன ஒழுங்கு எண்டு கேப்பமெண்டு, நீர் வேலை செய்யிற சங்கத்தின்ர நம்பரைத் தேடி எடுத்து அடிக்கிறன்.”

“அது மெழுகுதிரி இல்லை அண்ணை. ரோச் லைற்.”

“ரோச் லைற்றோ?”

நிமலினியின் கண்ணுக்கு முன்னால் அட்டை வந்தது, இந்த முறை சரியான பக்கத்திலிருந்து. கறுப்புக் கரை, முட்டைக் கட்டம், பெயர், ஊர். தன் கையாலேயே வெட்டியிருக்கிறாள். ஆனால் அதைப் பற்றி வெட்கப்பட அவளுக்கு நேரம் இல்லை. இருபத்திரண்டு வருசமாக வாயில் வைத்திருந்த கேள்வி முந்திக்கொண்டது.

“யூலியட் எங்க அண்ணை?”

சில்வெஸ்ரர் மெல்லிய குரலில் சொன்னார். 2002இல் யூலியட் தனக்குப் பிடித்த ஒருவனை, வீட்டுக்குச் சரிவராத இடத்தில், கலியாணம் முடித்தவள். தகப்பன் வாசலை மூடினார். தகப்பன் செத்த பிறகும் யாரும் திறக்கவில்லை. இருபத்தொரு வருசம் பேச்சுவார்த்தை இல்லை. நிமலினியின் அட்டைகள் வரவர, தாய் அல்போன்சம்மா அவற்றைச் செபமாலையோடு லாச்சிக்குள் வைத்துப் பூட்டினா. எறியவும் மனமில்லை, கொடுக்கவும் வழியில்லை.

“பிறந்தநாள் அட்டையைக் கொண்டுபோய் ஆர் குடுக்கிறது?” என்றார் சில்வெஸ்ரர். “ஆனா செத்த அறிவித்தல் எண்டால் சொல்லாமல் விடேலாதே.”

அதுதான் தீவாரின் வழக்கம். கோபக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், கோவிலில் வேறு வாங்கில் இருக்கலாம், வழியில் கண்டால் வேலியைப் பார்க்கலாம். சாவைச் சொல்லாமல் விட்டால் அது பாவம், விட்டவர் தலையில் நிற்கும். அட்டை வந்த அன்றே அல்போன்சம்மா மகனை விரட்டி, யாரிடமோ நம்பர் எடுத்து, யூலியட்டுக்குச் சொல்லவைத்துவிட்டா. யூலியட் பூசைக்கு வந்தாள். கடைசி வாங்கில் இருந்தாள். தாய் அவளிடம் பன்னிரண்டு அட்டையையும் கொடுத்தா. முப்பத்தோராம் நாளுக்கு வீட்டுக்கு வா என்று கேட்டா. பார்ப்பம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

“அவவின்ர நம்பரைத் தாங்கோ அண்ணை. நான் இப்பவே கதைக்கிறன்.”

அந்தப் பக்கம் றிசீவர் கை மாறியது. அல்போன்சம்மா.

“பிள்ளை, நிமலினி. உயிரோட இருக்கிறியோ ராசாத்தி. மாதாவே.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “நான் ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது.”

“சொல்லுங்கோ மாமி.”

“முப்பத்தொண்டு வரைக்கும் செத்திரு பிள்ளை.”

நிமலினிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“நாலாம் திகதி எண்டு போட்டிருந்ததில எண்ணினனாங்கள். முப்பத்தொண்டு திங்களில வருது, அதால முதல்நாள், மார்கழி மூண்டு, ஞாயிறு, சாப்பாடு வைக்கிறம். அவள் வாறன் எண்ட மாதிரிச் சொல்லிப்போட்டுப் போனவள். நீ உயிரோட இருக்கிறாய் எண்டு இப்ப தெரிஞ்சால், நாங்கள் கூப்பிட நாடகம் போட்டமெண்டு நினைப்பாள். உனக்குத் தெரியும்தானே அவளின்ர குணம். நான் அவளை ஒருக்கா வீட்டுக்குள்ள இருத்திச் சோறு போட வேணும் பிள்ளை. எனக்கு எழுபத்தெட்டு. பதின்மூண்டு நாள்தானே.”

நிமலினி யன்னலால் வெளியே பார்த்தாள். துறைமுகத்தடியில் காரைநகர்ப் படகுக்குச் சனம் நின்றது.

“நாளைக்கு அவளின்ர பிறந்தநாள் மாமி” என்றாள்.

“தெரியும். பெத்தனான் நான்.”

நம்பர் கிடைக்கவில்லை. ஓம் என்று சொல்லித்தான் நிமலினி றிசீவரை வைத்தாள்.

*

செத்திருப்பது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. 21ஆம் திகதி காலமை எழும்பியதும் வாழ்த்துச் சொல்ல வாய் வந்தது. இருபத்திரண்டு வருசத்தில் முதல்தடவையாக, யூலியட் இந்த உலகத்தில் எங்கே இருக்கிறாள் என்று ஓரளவு தெரியும். தன்னை நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள் என்றும் தெரியும். கண்ணீரைத் துடைக்க ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைத்தான் அல்போன்சம்மாவிடம் விற்றுவிட்டாள்.

“நீர் பேசாமல் இரும். கிழவி பாவம்” என்றான் டிலோன்.

“யூலியட் பாவம் இல்லையோ?”

“அவவும் பாவம்தான். ஆனா அவ உம்மட அட்டையளை இப்ப வாசிக்கிறா. பன்னிரண்டு வருசத்தைப் பன்னிரண்டு நாளில வாசிக்கட்டுமன்.”

அந்த நினைப்பு நிமலினிக்குப் பிடித்துப்போனது. தினமும் ஒரு அட்டையாகத் தானும் அங்கே கூட இருந்து வாசிப்பதாக வைத்துக்கொண்டாள். இன்றைக்கு 2014, கிணற்று அட்டை. அந்த வருசம் அப்பா போனதை எழுதியிருந்தாள். நாளைக்கு 2015. கந்தோரில் இருக்கும்போதும், பஸ்ஸில் தொங்கும்போதும், அடுத்த அட்டையில் என்ன எழுதினேன் என்று யோசிப்பாள். சிலது ஞாபகம் வரவில்லை. எழுதியவளுக்கே மறந்த வரிகள் இப்போது யூலியட்டின் கையில் இருந்தன.

அச்சு வெட்ட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இரண்டு செருப்பைப் பழுதாக்கினாள்.

29ஆம் திகதி, புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. ஜொய்சி எடுத்து, கேட்டு, கண்ணை விரித்து, வாயைப் பொத்தினாள்.

“அக்கா” என்றாள் காற்றுக் குரலில். “உங்களை எங்க தாட்டது எண்டு ஒரு அம்மா கேக்கிறா.”

நிமலினி எழுந்து வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஒலிபெருக்கிப் பொத்தானைத் தானே அமத்தினாள்.

“ஹலோ? கேக்குதோ?” ஒரு பெண் குரல். கொஞ்சம் அடைத்திருந்தது. றகரம் தொண்டையிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்காரரைப் போல. ஆனால் கேள்வியின் கடைசியை மேலே தூக்கி விடுகிற விதம் யாருடையதென்று நிமலினிக்குத் தெரியும். “அண்ணியிட்ட இந்த நம்பரை வாங்கினனான். நிமலினியின்ர சிநேகிதி. நாரந்தனைச் சேமக்காலையிலயோ அடக்கம்? எந்தப் பக்கம்? ஆரும் ஒரு பூங்கொத்து வைப்பினமோ, நான் அனுப்பினால்?”

ஜொய்சி நிமலினியைப் பார்த்தாள். “அது… அம்மா… சேமக்காலை…”

“உங்களோட வேலை செய்தவவோ?”

“ஓம்.”

“எப்பிடி இருந்தவ? கடைசியா?”

“நல்லாத்தான் இருந்தவ” என்றாள் ஜொய்சி. பொய் இல்லை.

குரல் உடைந்தது. “எனக்குப் பன்னிரண்டு அட்டை போட்டிருக்கிறாள். எல்லாத்திலையும் நீ எங்க இருக்கிறாய் எண்டு கேட்டிருக்கிறாள். நான் அந்த வீட்டிலயிருந்து ரயிலில நாற்பது நிமிசத் தூரத்தில இருந்தனான். என்ர கலியாணத்தை ஊர் முழுக்கக் கதைச்சிருக்கும், அவளும் ஊரோடதான் நிப்பாள் எண்டு பயந்து நான் எழுதாமல் விட்டனான். ஒரு வரி. ஒரு வரி எழுதியிருக்கலாம்.”

நிமலினி அல்போன்சம்மாவை நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். அந்தக் கிழவி இறைச்சிக்குச் சொல்லிவைத்திருப்பா. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டுதான் றிசீவரைத் தூக்கினாள்.

“சேமக்காலையில எனக்கு இன்னும் இடம் தரேல்லை” என்றாள். “அழாத.”

“ஆர் இது?”

“நான்தான்.”

“பகிடி விடாதேங்கோ.” குரல் கடுத்தது. “ஆர் நீங்கள்?”

“நிமலினி. சாகேல்லை. அது பிறந்தநாள் அட்டை. கறுப்பு மைதான் கடையில இருந்தது.”

யூலியட் மிகவும் மெதுவாக, விசாரணை செய்கிறவளைப் போலக் கேட்டாள்:

“விறாந்தை அலுமாரித் திறப்பு எங்க இருந்தது?”

“மாதா சுருவத்துக்குப் பின்னால. நீதான் எடுத்தனி. நான் சிஸ்ரர் வாறாவோ எண்டு பாத்தனான்.”

“எடியே!” என்று பாரிசிலிருந்து வந்த கத்தலில் ஜொய்சி கதிரையோடு பின்னுக்குப் போனாள். “எடி நாயே! நான் உனக்குக் கறுப்புச் சட்டை வாங்கிப்போட்டனடி!”

இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள், ஒருவர் பேச மற்றவர் பேசினார். கால் மணித்தியாலம் போன பிறகுதான் நிமலினி விசயத்தைச் சொன்னாள். அல்போன்சம்மா கேட்டதை, கேட்ட சொற்களிலேயே சொன்னாள். யூலியட்டின் சிரிப்பு நின்றது.

“அம்மா அப்பிடிக் கேட்டவவோ? செத்திரு எண்டு?”

“ஓம். உன்னை இருத்திச் சோறு போட வேணுமாம்.”

“நான் போறேல்லை எண்டுதான் இருந்தனான். பூவைச் சேமக்காலைக்கு அனுப்பிப்போட்டு விடுவமெண்டு.”

“போ.”

“நீ செத்தாய் எண்டு நம்பிக்கொண்டு போயிருந்து சாப்பிடுறதோ? எனக்கு நடிக்க ஏலாது.”

“எனக்கு மட்டும் சாக ஏலுமோ? ஒன்பது நாளாச் செத்திருக்கிறன். நீ ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அழுதுபோட்டு வா.”

*

டிசம்பர் மூன்றாம் திகதி யூலியட் தாய் வீட்டுக்குப் போனாள். பதினேழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனாள்; அந்தப் பிள்ளையை அல்போன்சம்மா அன்றுதான் முதல்முதல் கண்டா. மேசையில் கறுப்புக் கரை அட்டை ஒரு மெழுகுதிரியோடு நின்றது. ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல். யூலியட் கறுப்புச் சட்டையோடு இருந்து சாப்பிட்டாள். இரண்டாந்தரம் சோறு போட வந்த அல்போன்சம்மா அகப்பையோடு நின்றபடியே அழுது, “பிள்ளை, அவள் சாகேல்லை, நான்தான் பொய் சொன்னனான்” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டா.

“நீ என்ன செய்தனி?” என்று நிமலினி பிறகு கேட்டாள்.

“அய்யோ எண்டு கத்தினனான். கையில இருந்த கோப்பையையும் விழுத்தினனான். அண்ணர் நம்பேல்லை. அம்மா நம்பினவ.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யூலியட் எடுப்பாள். கைபேசியில் முகம் தெரியும். தலையில் நரை, பக்கத்தில் பூனை, பின்னால் தாயின் குசினி. நிமலினிக்கு இது பெரிய காரியம்தான். ஆனாலும் கதைத்து முடித்துக் கைபேசியைக் கவிழ்த்து வைத்த பிறகு, குசினி வாசலில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். யூலியட் பிரான்சுக்குப் போனதிலிருந்து அவள் கேட்டது முகத்தை அல்ல. தோளோடு தோள் முட்ட இருந்து, ஒரு பக்கத்தை இரண்டு பேர் வாசிக்கும்போது, மற்றவள் முடிக்க முன்னம் தாள் பிரட்டக்கூடாது என்று காத்திருக்கிற அந்த நேரத்தை. அதைக் கைபேசியில் அனுப்ப முடியாது.

2024 ஆடியில் வருவதாக யூலியட் சொன்னாள். தாய் விழுந்து காலை முறித்துக்கொண்டதால் வரவில்லை. 2025இல் மகளின் பரீட்சை. இரண்டு தடவையும் நிமலினி அறையை வெள்ளையடித்தாள். “சுவர் தடிச்சுப்போச்சு, இனி அடிக்க ஏலாது” என்றான் டிலோன்.

போன கிழமை யூலியட் விமானச் சீட்டின் படத்தை அனுப்பினாள். இரண்டு பேருக்கு, அவளுக்கும் அல்போன்சம்மாவுக்கும். 2026 ஓகஸ்ட் 9ஆம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குகிறார்கள். நிமலினி அந்த மாதம் முழுவதற்கும் லீவு எழுதிச் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிட்டாள்.